பூஜாவின் பேரில்

நன்னெறிக் கழகத்தில் அம்சவல்லிக்கு ஒன்றிய மகளிரணிச் செயலாளர் பதவி கிடைத்தது அவளுடைய அண்ணன் சிவப்பிரகாசத்தால்தான். கோயில் திருப்பணி, சாராய ஒழிப்பு, பெரியவர்கள் வகுத்து வைத்ததை மாற்றக் கூடாது என்று பேசுகிற கட்சி அது. மேடையில் பெண்கள் உட்காருவதே அந்தக் கட்சிக்காரர்களில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. ஆனாலும் பெண்கள் ஓட்டு வேண்டியிருந்தது. ஒன்றியச் செயலாளராக இருந்த சிவப்பிரகாசம், "எந் தங்கச்சி பேரப் போட்டுக்குங்க" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு, அப்புறம் வந்து தங்கச்சியிடம் தகவல் சொன்னார்.

அண்ணன் சொன்னால் அம்சவல்லிக்கு மறுபேச்சு கிடையாது. அப்பா செத்தபோது அவளுக்கு விவரம் தெரியாத வயசு. அவளை சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்துக்கொண்டு போனவர் அவர். பிரம்மதேசத்திலிருந்து மரக்காணத்துக்கு, உப்பளத்து டீசல் இன்ஜின்களைப் பழுது பார்க்கும் தனகோடிக்கு, அவளைக் கட்டிக் கொடுத்தவரும் அவர். மரக்காணத்தில் அவரும் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருந்ததால், பருவ காலம் முழுக்க அவருக்கு மத்தியானச் சாப்பாடு தங்கச்சி வீட்டில்தான். வாசலில் புல்லட் சத்தம் கேட்டதும் அம்சவல்லியின் மகள் மலர்கொடி, செய்துகொண்டிருப்பதை அப்படியே போட்டுவிட்டு "மாமா" என்று ஓடுவாள்.

அந்தப் பதவி வெறும் பேருக்குத்தான் இருந்தது, அலை வரும்வரை.

இரண்டாயிரத்து நாலு டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த அன்றைக்கு, சிவப்பிரகாசம் தன் டிராக்டரை உப்புப் பாத்தி வரப்புகளின் மேல் ஏற்றி மீனவக் குப்பத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். உயிரோடு இருந்தவர்களையும் இல்லாதவர்களையும் அதே டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார். உயிரோடு வந்தவர்களை மரக்காணத்துக் கல்யாண மண்டபத்தில் தங்க வைத்தார்கள். சமையலை யார் பார்ப்பது என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தபோது, அம்சவல்லி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். பொங்கல் வந்து போனது. அவள் அந்த அடுப்பை விட்டு நகரவில்லை.

ஆராயியை அவள் அங்கேதான் பார்த்தாள். மீன் கூடை தூக்கும் பெண். தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடி இருந்தாள். ஐந்தாவது படித்த மகள் பூஜாவை அலை கொண்டுபோய்விட்டது, கிடைக்கவில்லை. ஆராயி அழவும் இல்லை, பேசவும் இல்லை. புருஷன் சகாதேவன் ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவாள். ஒவ்வொரு பந்தி முடிந்ததும் அம்சவல்லி அவள் பக்கத்தில் போய் உட்காருவாள். ஆறுதல் சொல்ல அவளுக்கு ஒன்றும் தோன்றாது. மலர்கொடியும் அதே ஐந்தாவதுதான் என்பது மட்டும் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கும். சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வருவாள்.

ஒரு மத்தியானம் ஆராயி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"கொழம்புல உப்பே இல்லக்கா."

அம்சவல்லி திகைத்துப் போனாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உண்மைதான், போட மறந்திருந்தாள். "உப்பளத்துக்காரி கொழம்புல உப்பு இல்ல" என்று ஆராயி சொன்னாள். சொல்லும்போதே அவள் வாய் கோணியது. சிரிக்கத்தான் போனாள், அது அழுகையாகப் போய்விட்டது. அன்றைக்கு அவள் அழுத அழுகையில் மண்டபமே எழுந்து நின்றது. அம்சவல்லி அவளை மடியில் போட்டுக்கொண்டு, அடுப்பு அணைந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் இடையில் ஒரு பாசம் வந்துவிட்டது. குப்பத்தை மேட்டில் தார் ஷீட் கொட்டகைகளுக்கு மாற்றிய பிறகும் அம்சவல்லி அடிக்கடி போய் வந்தாள். ஆராயி மரக்காணம் மார்க்கெட்டுக்குக் கூடையோடு வந்தால், நல்ல மீனில் நாலைத் தனியாக ஒதுக்கி அம்சவல்லி வீட்டு அடுப்படியில் வைத்துவிட்டுத்தான் மார்க்கெட்டுக்குப் போவாள். குப்பத்தில் எந்தக் கட்சிக் கொடியும் அதுவரை நிலைத்ததில்லை. அம்சவல்லியின் முகத்துக்காக நன்னெறிக் கழகத்தின் மணிச் சின்னம் போட்ட கொடி அங்கே ஏறியது.

அடுத்த வருஷம் முழுக்க ஆட்கள் வந்து போனார்கள். ஆரோவில் நர்சரியில் வேலை செய்த பொன்னி என்ற பெண் ஒரு வேனில் செடிகளோடு வந்தாள். பக்கத்து ஊர்க்காரிதான். மணல் மேட்டில் செடி வைத்துக்கொண்டே, "கரி, டீசலு எல்லாம் எரிக்க எரிக்க ஒலகமே சூடாவுதாம்க்கா. கடல் கொஞ்சம் கொஞ்சமா ஏறுதாம். இந்த மணலை மட்டும் யாருக்கும் விட்டுறாதீங்க" என்றாள். அலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது பூமி ஆடியதால் வந்தது என்றும் சொன்னாள். ஆராயி அதையெல்லாம் உன்னிப்பாகக் கேட்டாள். கடலைப் பற்றி யார் பேசினாலும் அவள் இப்போது அப்படித்தான் கேட்டாள்.

அந்த வருஷக் கடைசியில் மழை பேய்மழையாகக் கொட்டியது. உப்பளம் முழுக்க ஏரியாகிப்போனது. கட்டி வைத்திருந்த உப்பு அம்பாரம் கரைந்து ஓடியதை சிவப்பிரகாசம் கரையில் நின்று பார்த்தார். தண்ணீர் வடிந்ததும் பாத்திகளை முதலிலிருந்து மிதித்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. உப்புத் தண்ணீர் இறைக்க இன்ஜின் ஓட வேண்டும். டீசல் விலையோ ஏறிக்கொண்டே போனது. அளத்துக்காரர்கள் எங்கே கூடினாலும் ஒரே பேச்சுதான்: கரண்டு லைன் வந்தால் பிழைப்போம்.

அந்த நேரத்தில்தான் குப்பத்துக்கு வடக்கே, கடலை ஒட்டி, ஒரு கம்பெனி நிலக்கரி வைத்து மின்சாரம் எடுக்கப் போகிறது என்ற பேச்சு பரவியது. யாரோ வந்து இடம் அளந்துவிட்டுப் போனார்கள். கரிக் கப்பல் நிற்கக் கடலுக்குள் பாலம் போடுவார்களாம். சுடு தண்ணீரைக் கடலில் விடுவார்களாம். பாலம் போட்டால் மணல் ஒரு பக்கம் சேரும், இன்னொரு பக்கம் ஊரைக் கடல் அரிக்கும் என்று குப்பத்து ஆண்கள் சொன்னார்கள். வேறு கடற்கரையில் அப்படி ஆனதை அவர்கள் பார்த்திருந்தார்கள்.

இரண்டாயிரத்து ஆறில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. நன்னெறிக் கழகம் சிவப்பிரகாசத்தை வேட்பாளராக அறிவித்தது. ஊரே சந்தோஷப்பட்டது. டிராக்டர் ஓட்டிக்கொண்டு போன மனுஷன் என்று மாற்றுக் கட்சிக்காரர்களே பேசினார்கள். கடலோரத்து ஓட்டு முழுசாக விழுந்தால் ஜெயித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். அம்சவல்லி அண்ணனைக் குப்பத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

சகாதேவன் நேரடியாகக் கேட்டான். "கரி பிளாண்டு வருதுன்னு சொல்றாங்களே. உங்க கட்சி என்னா சொல்லுது?"

"வராது" என்றார் சிவப்பிரகாசம். "நம்ம கட்சி பழசக் காப்பாத்துற கட்சி. கடலுக்குப் பூச பண்ற சனம் நீங்க. உங்க எடத்துல கைய வைக்க விடுவோமா?" அவர் அதை மனசாரத்தான் சொன்னார். கட்சித் தலைமை அதுவரை ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

ஆண்கள் தலையாட்டினார்கள். ஆராயி மட்டும் எழுந்து தன் கொட்டகைக்குள் போனாள். பூஜாவின் படத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கிய படம். கண் சற்று மங்கலாக இருக்கும்.

"அண்ணன் நல்லவருதாங்க்கா. கட்சியெல்லாம் எனக்குத் தெரியாது. உன்னத்தான் தெரியும். எம் பொண்ணு மேல கைய வச்சி நீ சொல்லு. அது போதும்."

அம்சவல்லிக்குக் கை எழவில்லை. இது கட்சிப் பேச்சு, இதில் செத்த குழந்தையை இழுக்கக் கூடாது என்று உள்ளுக்குள் ஏதோ தடுத்தது. அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

"சொல்லு அம்சா" என்றார் அவர். "நான் இருக்கேன்ல."

அவள் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "வராது ஆராயி. நாங்க வர விட மாட்டோம். பூஜா மேல சத்தியம்."

ஆராயி படத்தைப் புடவையால் துடைத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அப்புறம் எல்லோருக்கும் டீ போட்டாள்.

கட்சித் தலைவர் மரக்காணத்துக்கு வந்த அன்று வெயில் சாய்ந்தும் புழுக்கம் குறையவில்லை. அம்சவல்லியே வேன் வைத்துக் குப்பத்துப் பெண்களை அழைத்து வந்து மேடைக்கு முன்னால் உட்கார வைத்தாள். ஆராயி முதல் வரிசையில் இருந்தாள். அம்சவல்லி மேடையில், மகளிரணிக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில். தலைவருக்குப் பக்கத்தில் சிவப்பிரகாசம் புது வேட்டி சட்டையில் கைகூப்பி நின்றார்.

தலைவர் நன்றாகப் பேசக்கூடியவர். கோயிலைப் பற்றிப் பேசினார், குடியால் கெட்ட குடும்பங்களைப் பற்றிப் பேசினார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு துண்டால் கழுத்தை ஒற்றிக்கொண்டு, "இந்த மண்ணுக்கு ஒரு நல்ல சேதி கொண்டாந்திருக்கேன்" என்றார். கூட்டணி ஆட்சி வந்தால் இந்தக் கரையில் மின்சார நிலையம் வரும், அது கழகம் போராடி வாங்கிய உறுதி, தேர்தல் அறிக்கையிலேயே சேர்த்தாகிவிட்டது என்றார். பின்வரிசையில் இருந்த அளத்துக்காரர்கள் விசில் அடித்தார்கள்.

அம்சவல்லி அண்ணனைப் பார்த்தாள். அவர் முகமும் ஒரு கணம் வெளிறித்தான் போனது. பிறகு விசில் வந்த பக்கம் திரும்பினார். கை தட்டினார்.

தலைவர் அதோடு விட்டிருக்கலாம். விசில் சத்தம் அவருக்கு உற்சாகம் கொடுத்துவிட்டது. "சில பேரு சொல்றான், கரி எரிச்சா கடல் ஏறிடுமாம்! ஊருக்குள்ள வந்துடுமாம்! ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு வெள்ளக்காரன் கட்டுற கதை. நம்ம பாட்டன் பூட்டன் பாக்காத கடலா? கடல் நமக்குத் தாய்யா! பெத்த தாய் எங்கயாவது எழுந்து வந்து புள்ளைய முழுங்குவாளா?"

கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. தலைவர் கைதட்டலுக்காக நிறுத்தினார். அளத்துக்காரர்கள்கூடத் தட்டவில்லை. ஸ்பீக்கர் மட்டும் உய்யென்று இரைந்தது. தான் எந்த ஊரில் நின்று என்ன பேசிவிட்டோம் என்பது தலைவருக்குப் புரியவேயில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

முதல் வரிசையிலிருந்து ஆராயி எழுந்தாள். புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். யாரையும் பார்க்காமல் நடந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி எழுந்தாள், அப்புறம் இன்னொருத்தி, பிறகு வரிசை வரிசையாக எல்லோரும்.

அம்சவல்லி மேடையின் பின்பக்கமாக இறங்கி ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று கிடந்தது. வேன்கள் நின்ற இடத்தில் ஆராயியின் கையைப் பிடித்தாள்.

"ஆராயி, எனக்குத் தெரியாதுடி. சத்தியமாத் தெரியாது."

அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான், இனி அதைச் சொல்லக் கூடாதே என்று அவளுக்கு உறைத்தது.

ஆராயி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியே விட்டு வைத்திருந்தாள். அதில் உயிரே இல்லாத மாதிரி இருந்தது.

"தெரியாதா?"

"தெரியாது."

"தெரியாமத்தான் எம் பொண்ணு மேல கைய வச்சியா?"

அம்சவல்லி பிடித்த கையை விட்டாள். வேனில் ஏற வேண்டாம் என்று பெண்கள் முடிவெடுத்திருந்தார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிகள் உரசிப் போக, ஓரமாக வரிசையாக நடந்தே குப்பத்துக்குப் போனார்கள்.

மறுநாள் மத்தியானம் சிவப்பிரகாசம் சாப்பிட வந்தார். அம்சவல்லி இலை போடாமல் நின்றாள்.

"மேடையிலயே மறுத்துப் பேசியிருக்கலாம்ல அண்ணா?"

"தலைவர எதுத்தா? எந்தக் கட்சியில நடக்குது அது?" அவர் குரல் கம்மியிருந்தது. "எனக்கும் அப்பத்தான் தெரியும் அம்சா. ஆனா யோசிச்சுப் பாரு. டீசல் வாங்கி வாங்கி அளத்துக்காரன் செத்துட்டிருக்கான். கரண்டு வந்தா எத்தினி குடும்பம் தலையெடுக்கும்! என்னால அத்த வேணாம்னு சொல்ல முடியுமா? நானும் ஒரு அளத்துக்காரன்தான?"

"சரி. வேணும்னே வச்சுக்குவோம். அப்ப நான் செஞ்ச சத்தியம்?"

"சத்தியம் நீதான செஞ்ச. நானா செஞ்சேன்?"

அடுப்படி வாசலில் நின்றிருந்த தனகோடி தலையைக் குனிந்துகொண்டான். அம்சவல்லி அண்ணனையே பார்த்தாள்.

"சொல்லு அம்சான்னு சொன்னது யாரு?"

அவர் எழுந்து சட்டைப் பையில் இருந்த பேனாவைச் சரி செய்துகொண்டார். "நாளைக்குக் குப்பத்துக்கு ஓட்டுக் கேக்கப் போவணும். நீ வரணும். நீ சொன்னாத்தான் கேப்பாங்க" என்றார்.

"நான் போமாட்டேன்."

"அம்சா."

"வேற எங்க வேணாலும் வர்றேன். வீடு வீடா ஏறி எறங்குறேன். அங்க மட்டும் என்னால முடியாதுண்ணா."

வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணனுக்கு அவள் முடியாது என்று சொன்னாள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று அவள் நினைத்தாள். அவர் சாப்பிடாமலே புல்லட்டை எடுத்துக்கொண்டு போனார்.

சொன்னபடி மற்ற ஊர்களிலெல்லாம் அவள் நாக்கு வறள ஓட்டுக் கேட்டாள். உப்பு வாரும் கூலிப் பெண்கள் மூட்டுவரை வெள்ளை படிந்த கால்களோடு நின்று அவளைக் கேட்டார்கள்: "கரண்டு வந்தா மொதலாளிக்கு டீசல் மிச்சம். பிளாண்டுக்கு எடம் வேணும்னு இந்த அளத்தையே எடுத்துக்கிட்டா நாங்க எங்கம்மா போறது?"  அவள் அண்ணனின் டிராக்டரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

வாக்குப்பதிவு அன்று மரக்காணம் பள்ளிக்கூடத்தில் அம்சவல்லி மெஷின் முன்னால் நின்றாள். அண்ணன் பெயரும் அதன் எதிரே மணியும் தெரிந்தன. பூஜாவின் மங்கலான கண்ணும் நினைவுக்கு வந்தது.  அண்ணன் தோற்கட்டும் என்று ஒரு நிமிஷம் உண்மையாகவே நினைத்தாள். ஆனால் சைக்கிள் பாரில் உட்கார்ந்து போன அந்தச் சின்னப் பெண்ணால் வேறு பட்டனை அழுத்த முடியவில்லை. மணியைத்தான் அழுத்தினாள். வெளியே வந்து வேப்பமரத்தடியில், கண்ணில் தூசி விழுந்த மாதிரி முந்தானையை அழுத்திக்கொண்டு நின்றாள்.

சிவப்பிரகாசம் தோற்றார். குப்பத்து வாக்குச்சாவடியில் மணிக்கு விழுந்த ஓட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதை அவர் எதிர்பார்த்துத்தான் இருந்தார். அவரை உடைத்தது உப்பளத்துப் பக்கம். முதலாளிகள் போட்டார்கள், ஆனால் முதலாளிகள் எத்தனை பேர்? கூலிக்காரர்கள் குடும்பம் குடும்பமாக மாற்றிப் போட்டிருந்தார்கள். கரண்டு வேண்டும் என்றவர்கள் கொஞ்சம் பேர். பயந்தவர்கள் நிறையப் பேர். கடலோரத்தில் கட்சி நின்ற மற்ற தொகுதிகளிலும் இதே கதைதான். தலைவரின் அந்த ஒரு பேச்சு ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருந்தது.

தலைமை கூடி ஆராய்ந்தது. மின்சார நிலையத்தைப் பற்றியோ தலைவர் பேசியதைப் பற்றியோ யாரும் வாய் திறக்கவில்லை. மகளிரணி சரியாக வேலை செய்யவில்லை என்று முடிவாயிற்று. அம்சவல்லியைப் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். சிவப்பிரகாசம் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

அவள் பிரம்மதேசத்துக்கு அண்ணனைப் பார்க்கப் போனாள். அவர் மாட்டுக் கொட்டகையில் நின்றிருந்தார். நாலு நாள் தாடி. ஆள் பாதியாகத் தெரிந்தார்.

"பதவி போனா போவுதுண்ணா. நீ வீட்டுக்கு வா. மலரு தெனமும் கேக்குறா."

"ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றார் அவர், மாட்டின் முதுகைத் தடவியபடி. "நீ எனக்கு ஓட்டுப் போட்டியா?"

 "உனக்குத்தாண்ணா போட்டேன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். சின்ன வயசில் பொய் சொன்னால் கண்டுபிடிப்பதற்குப் பார்ப்பாரே, அதே மாதிரி.

"அவளுக்குப் பண்ண சத்தியத்துக்காக அண்ணன்கூட வர மாட்டேன்ன. ஓட்டு மட்டும் போட்டியாக்கும்?"

"அண்ணா!"

"போ அம்சா. பஸ்ஸு போயிடப் போவுது."

அவள் வீடு திரும்பியதும் தனகோடியிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் கிரீஸ் அப்பிய கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான். "நீ நெசமா போட்டியா?" கேட்ட பிறகு, கேட்டிருக்கக் கூடாது என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும், இன்ஜின் பார்க்கப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டான்.

அடுப்படியில் மீன் வைப்பது நின்றுபோயிருந்தது. ஒரு நாள் அம்சவல்லி மார்க்கெட்டுக்கே போனாள். ஆராயி கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஏறிட்டுப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால், ஏசியிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட அம்சவல்லிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"வாங்கம்மா. சங்கரா இருக்குது, காரப்பொடி இருக்குது. எது வேணுங்க?"

மற்றவர்களுக்குச் சொல்கிற அதே விலையைச் சொன்னாள். அம்சவல்லி சங்கரா வாங்கிக்கொண்டு வந்து, குழம்பு வைக்க மனசில்லாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

மின்சார நிலையம் அந்த வருஷம் வரவில்லை. அதைத் தடுப்போம் என்று ஓட்டு வாங்கி ஜெயித்தவரோ, சில மாதத்திலேயே பரிசீலிக்கிறோம் என்று பேச ஆரம்பித்தார். குப்பத்தில் அதற்கு யாரும் ஆச்சரியப்படவில்லை என்று பொன்னி வந்து சொன்னாள். மணல் மேட்டில் வைத்த செடிகளில் பாதி பிழைத்திருந்தன என்றும் சொன்னாள்.

உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தபோது நன்னெறிக் கழகத்து மாவட்டப் பிரதிநிதி ஒருவர் காரில் வந்து இறங்கினார். மரியாதையாகப் பேசினார். பெண்களுக்கு ஒதுக்கிய இடம் ஒன்று இருக்கிறது, கடலோர ஓட்டுகள் உள்ள வார்டு, வேறு யாருக்கும் அங்கே முகம் இல்லை என்றார்.

"கரண்டு பத்தி இனிமே பேசவே வேணாம்னு தலைமை முடிவு பண்ணிட்டாங்கம்மா. கடலோரத்துல அது எடுபடல. நீங்க உங்க இஷ்டம்போலப் பேசுங்க. பிளாண்டு வராதுன்னே சொல்லுங்க, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"வராதா?"

அவர் சிரித்தார். "அது எலெக்‌ஷனுக்கப்புறம் பாத்துக்கலாம்மா. நீங்க போய் ஒரு வார்த்த சொன்னீங்கன்னா சனம் நம்பும்."

"நம்பாதுங்க" என்றாள் அம்சவல்லி. மோர் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

அந்தப் புரட்டாசியில் மலர்கொடி பெரியவளானாள். ஐப்பசியில் மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். அம்சவல்லி இரண்டு வீட்டுக்கும் தானே நேரில் போய் அழைத்தாள். பிரம்மதேசத்தில் அண்ணி மட்டும் குங்குமம் எடுத்துக்கொண்டாள். அண்ணன் கொல்லைப்புறத்திலிருந்து வரவில்லை. குப்பத்தில் ஆராயி பத்திரிகையை வாங்கி, பூஜாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

விசேஷத்தன்று காலையிலிருந்தே மழை. சாமியானா தொங்கி ஓரமெல்லாம் ஒழுகியது. தாய்மாமன் சீர் வந்தது: பட்டுப்பாவாடை, மாலை, தட்டுத் தட்டாகப் பழம். ஒன்றும் குறை வைக்கவில்லை. ஆனால் தட்டுகளைத் தூக்கி வந்தது அளத்து வேலையாட்கள். மாமா வரவில்லை. பட்டுப்பாவாடையில் மனையில் உட்கார்ந்திருந்த மலர்கொடி, வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நேரமாகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். கடைசியில் அம்சவல்லிக்குத் தூரத்து அண்ணன் முறையான ஒரு மாமன் மாலையைப் போட்டான். மலர்கொடி அழுதாள். பொம்பளப் புள்ளைன்னா இந்த நேரத்துல அழத்தான் செய்யும் என்று பெண்கள் சிரித்துக்கொண்டார்கள்.

அப்போது ஆராயி வந்தாள். தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, நனைந்து. சாமியானா ஓரத்தில் நின்று மனையைப் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள். பையை எடுக்க மறந்துவிட்டாள். அதிலிருந்து தண்ணீர் அவள் தோளில் சொட்டியது. அம்சவல்லிக்கு அவள் எதைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. அந்த மனையில் அவள் கண்ணுக்கு வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

ஆராயி வந்து, இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தைப் பிரித்து, கண்ணாடி வளையலை மலர்கொடியின் இரண்டு கையிலும் போட்டாள். நெற்றியில் குங்குமம் வைத்தாள். ஏதோ முணுமுணுத்தாள். திரும்பி நடந்தாள்.

அம்சவல்லி வாசலில் அவளை மறித்தாள். "சாப்ட்டுட்டுப் போ ஆராயி. கைய நனைக்காமப் போனா எப்படி?"

"இல்லங்க. அவரு பசியோட இருப்பாரு."

"ஒரு வாய்."

ஆராயி தலையை ஆட்டினாள். மழையில் இறங்கினாள். அம்சவல்லியும் கூடவே இறங்கினாள். பஸ் ஸ்டாப்வரை இருவரும் நனைந்துகொண்டு நடந்தார்கள். தூரத்தில் பாண்டிச்சேரி பஸ்ஸின் விளக்கு தெரிந்தபோது அம்சவல்லிக்கு அடக்க முடியவில்லை.

"நான் பொய் சொல்லல ஆராயி. அன்னிக்கு நான் நம்பித்தான் சொன்னேன்."

"தெரியும்" என்றாள் ஆராயி. அவள் இப்போதுதான் அம்சவல்லியின் முகத்தை நேராகப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் ஆற மாட்டேங்குது. நான் என்னா பண்றது?"

பஸ் வந்தது. ஆராயி ஏறினாள். ஜன்னல் ஷட்டர்களை எல்லாம் மழைக்காக இறக்கிவிட்டிருந்தார்கள். அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்தாள் என்றுகூடத் தெரியவில்லை.

தனகோடி குடையை எடுத்துக்கொண்டு தேடி வந்தபோது, அம்சவல்லி நிழற்குடைக்கு வெளியே, போன பஸ்ஸின் பக்கமே பார்த்தபடி நின்றிருந்தாள். அவன் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தான்.

"உங்க அண்ணன் அளத்து மேட்டுல நிக்கிறாரு" என்றான். "நம்ம வீட்டு ஸ்பீக்கர் சத்தம் கேக்குற தூரத்துல. காலையிலேருந்து மழையில நிக்கிறாராம். சீர் கொண்டாந்த ஆளு சொன்னான்."

அம்சவல்லி புடவைத் தலைப்பைப் பிழிந்தாள்.

"போய்க் கூப்பிட்டுப் பாத்தேன்" என்றான் அவன். "வர மாட்டேன்னுட்டாரு."